கல்கத்தா கழுவி ஊற்றிய தண்ணீர்

பாத்திரம் கழுவிய தண்ணீர் உங்கள் குசினியை விட்டு எங்கே போகிறது என்று எப்போதாவது யோசித்துப் பார்த்ததுண்டா? நான் யோசித்ததில்லை. குசினிக்குப் பின்னால் ஒரு சின்னக் கான், அதற்கப்பால் ஒரு பெரிய கான், அதற்கும் அப்பால் யார் தலையில் விழுந்தால் எனக்கென்ன என்றுதான் இருந்தேன். 2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கல்கத்தாவில் ஒரு தட்டு மீன்கறி என்னை அந்த அப்பாலுக்கு இழுத்துக்கொண்டு போனது.

பயணம் எனக்காக ஏற்பட்டதல்ல. இவர் தோல் பை, பெல்ட், செருப்பு வியாபாரம் செய்கிறவர். கல்கத்தாவில் தோல் சாமான் மலிவு என்று கேள்விப்பட்டு நேரில் பார்க்கப் புறப்பட்டார். பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு நானும் தொற்றிக்கொண்டேன். சென்னையில் விமானம் மாறி மாலை மங்கும் நேரத்தில் போய் இறங்கினோம். 2001இல் ஊரின் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள். என் வாயில் கல்கத்தா என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தங்கியது நாகோதா பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில். சிவந்த கல்லில் எழுந்து நிற்கும் அந்தப் பள்ளியைப் பற்றியும், அதைச் சுற்றியுள்ள அத்தர்க் கடைகள், சேமியாக் கடைகள் பற்றியும் எழுதப் புகுந்தால் இந்த இதழ் முழுவதும் எனக்கே வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு போடுகிறார்கள். 1856இல் ஆட்சியை இழந்து வந்து கல்கத்தாவில் குடியேறிய லக்னோ நவாப் வாஜித் அலி ஷாவின் அடுப்படியிலிருந்து வந்த வழக்கமாம். இவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

இரண்டாம் நாள், இவர் கொள்வனவு செய்ய வந்த தோல் வியாபாரி தம் வீட்டில் பகல் சாப்பாட்டுக்கு அழைத்தார். அவருடைய மனைவியை நான் 'ஆபா' என்றே கூப்பிட்டேன். நம்மூரில் ராத்தா என்பதுபோல அங்கே ஆபா. ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். கடுகு அரைத்து விட்ட மீன்கறி வைத்திருந்தார். ரூயி என்று அங்கே சொல்லும் குளத்து மீன். நம்முடைய பாரையும் கெளவல்லாவும் தின்று பழகிய நாக்குக்கு முதலில் சப்பென்றிருந்தது. இரண்டாவது கவளத்தில் ருசி பிடிபட்டு விட்டது. நன்றாயிருக்கிறதே, எந்த ஆற்று மீன் என்று கேட்டேன்.

"ஆற்று மீன் இல்லை. கல்கத்தாவின் சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்த மீன்" என்றார் ஆபா, சிரித்துக்கொண்டே.

கவளம் தொண்டையில் நின்றுவிட்டது. இவர் என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன். விருந்து வைத்த வீட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழும்புவது மரியாதையல்ல. அதற்காக நஜீஸில் வளர்ந்ததைத் தின்பதா? ஆபா என் முகத்தைப் படித்துவிட்டார். "தின்ன வேண்டாம். நாளைக்கு இவர்கள் இரண்டு பேரும் பான்தலாவுக்குத் தோல் பார்க்கப் போகிறார்கள். வழியெல்லாம் அந்தக் குளங்கள்தான். நீங்களும் நானும் இறங்கிப் பார்ப்போம். பார்த்தபிறகு தின்பதா விடுவதா என்று சொல்லுங்கள்" என்றார்.

மறுநாள் காலை காரில் கிழக்கு நோக்கிப் போனோம். கல்கத்தாவின் நில அமைப்பை இங்கே சொல்லிவிட வேண்டும். ஹூக்ளி ஆறு ஊருக்கு மேற்கே ஓடுகிறது. ஊர்க் கழிவெல்லாம் அந்த ஆற்றில்தான் விழும் என்று யாரும் நினைப்போம். ஆனால் நிலம் ஆற்றங்கரையில் உயர்ந்து கிழக்கே சரிந்து கிடக்கிறது. ஆகவே வெள்ளைக்காரன் காலத்திலேயே வடிகால்களைக் கிழக்கு நோக்கித்தான் வெட்டினார்கள். அந்தப் பக்கம் கடல் ஏறி இறங்கும் உவர் ஏரிகளும் பித்யாதரி என்ற ஆறும் இருந்தன. பித்யாதரி தூர்ந்துகொண்டே வந்து, 1928இல் அதைச் செத்த ஆறு என்றே அறிவித்துவிட்டார்கள். பிறகு கழிவு வாய்க்காலை இன்னும் கிழக்கே குல்ட்டி ஆறு வரை நீட்டினார்கள். உப்புத் தண்ணீர் வருவது நின்று போன ஏரிகளில் கரையோரத்து மீனவர்களுக்குப் பிழைப்புப் போயிற்று.

பிழைப்பைத் தேடியவர்கள் ஊர் ஊற்றிய கறுப்புத் தண்ணீரை மதகு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்துக்குள் விட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு விட்டால் மீன் சாகிறது, எவ்வளவு விட்டால் மீன் கொழுக்கிறது என்று தலைமுறைகளாகக் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க எந்தப் பல்கலைக்கழகமும் இருக்கவில்லை.

நகர எல்லை தாண்டியதும் தாப்பா வந்தது. கல்கத்தாவின் குப்பை மலை அது. மேலே பருந்துகள் சுற்றுகின்றன, கீழே கோவா, பூக்கோவா, கீரைப் பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகக் கிடக்கின்றன. மட்கிய பழைய குப்பைதான் எரு, குளத்திலிருந்து வழியும் நீர்தான் பாசனம். 19ஆம் நூற்றாண்டிலிருந்து இப்படிப் பயிரிடுகிறார்கள். தாப்பா உட்பட இந்தப் பகுதியிலிருந்து நாளொன்றுக்கு 150 தொன் மரக்கறி நகரத்துக்குப் போகிறதாகக் கணக்கு. வண்டிக் கூலி இல்லாத தூரம், ஆகவே விலையும் குறைவு.

பெருந்தெருவை ஒட்டிக் கழிவு வாய்க்கால் ஓடியது. மைபோன்ற கறுப்பு. நாற்றத்துக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேன். ஒரு மதகருகில் காரை நிறுத்தி எங்களை இறக்கிவிட்டு ஆண்கள் இருவரும் பான்தலாவுக்குப் போய்விட்டார்கள். வரப்பின்மேல் கொஞ்ச தூரம் நடந்திருப்போம். நான் முந்தானையை எடுத்துவிட்டிருந்தேன். எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. நாற்றம் இல்லை! வானத்தைப் போர்த்திக்கொண்டு பச்சைத் தண்ணீர் விரிந்து கிடந்தது. கரையோரம் நீர்த்தாமரைப் பாசி கட்டி நின்றது. நாம் ஜப்பான் ஜபர என்போமே, அதுதான். நம்மூரில் அதைக் கண்டாலே பிடுங்கி எறிகிறோம். அங்கே மூங்கில் கட்டி, வேண்டுமென்றே கரையோரம் வளர்க்கிறார்கள். அலை கரையை அரிக்காமல் காக்கும். தண்ணீரில் கலந்த உலோக நஞ்சை வேர் இழுத்துக்கொள்ளும். கடும் வெயிலில் மீன் அதன் நிழலில் ஒதுங்கும்.

காவல் குடிசையில் ஒரு முதியவர் இருந்தார். ஆபா வங்காளத்தில் கேட்டு எனக்குச் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். குளிர்காலத்தில் குளத்தை வற்றவிட்டு அடிச்சேற்றை வெயிலில் காயவைத்து உழுவார்களாம். நாங்கள் போனபோது பக்கத்துக் குளம் அப்படித்தான் வெடித்துக் கிடந்தது. பிறகு மூங்கில் தட்டி வைத்த மதகு வழியாக வடிகால் நீரை விட்டு, மீன் எதுவும் விடாமல் இருபது நாளளவில் சும்மா வெயில் குடிக்கவிடுவார்கள். குளம் ஆழமில்லை. நெஞ்சளவுகூட வராத இடங்களே அதிகம். அந்த ஆழமின்மையில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடிவரை வெயில் பட்டால் பாசி வளரும். பாசி ஒட்சிசனை விடும். ஒட்சிசன் கிடைத்த நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று கரைத்து உரமாக்கும். அந்த உரத்தில் மேலும் பாசி. நோய்க் கிருமிகளை வெயில் கொல்லும். தண்ணீர் கறுப்பிலிருந்து பச்சைக்கு மாறிய பிறகுதான் மீன் குஞ்சு விடுவார்கள். பாசியைத் தின்று மீன் வளரும். பாசி மிஞ்சிப்போய்க் குளம் கெடாமல் மீன் காக்கும்.

வேறு நகரங்களில் இதே வேலையைச் செய்யக் கோடிக்கணக்கில் செலவழித்து இயந்திர நிலையங்கள் கட்டி, அவற்றை இரவு பகலாக மின்சாரம் கொடுத்து ஓட்டுகிறார்கள். இங்கே வெயிலும் பாசியும் மீனவனும்.

"தண்ணீர் சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

நிறத்தைப் பார்ப்போம், மணத்தைப் பார்ப்போம், சந்தேகம் வந்தால் நாக்கிலும் வைத்துப் பார்ப்போம் என்றார் முதியவர். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் கழிவு கூடிவிட்டது என்று அர்த்தம், உடனே மதகை அடைப்போம் என்றார்.

நிறம், மணம், சுவை. மத்ரஸாவில் சிறு வயதில் தண்ணீர்ப் பாடம் படித்தபோது நாம் மனனம் செய்த மூன்று சொற்களல்லவா இவை? மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளல்ல, அதை அறிந்தவர்களிடம் கேளுங்கள். ஆனால் குனிந்து கையில் அள்ளிப் பார்த்தேன். கல்கத்தாவின் இலட்சோப இலட்சம் குசினிகளும் கழிவறைகளும் ஊற்றிய தண்ணீர் அது. கையில் பச்சையாய், குளத்து மணத்தோடுதான் இருந்தது.

இப்படிப்பட்ட குளங்களும் வயல்களும் சதுப்புமாக மொத்தம் 12,500 ஹெக்டேர். நம் கொழும்பு மாநகரசபை எல்லையைப்போல் மூன்று மடங்குக்கும் கூட. வருடத்துக்குப் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் மீன் கிடைக்கிறது. சில குளங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம், சில அரசிடம், மிகுதி தனியாரிடம். மதகு பார்ப்பவர், வலை இழுப்பவர், வரப்புக் கட்டுபவர், அலுமினியப் பானையில் மீனைத் துள்ளத் துள்ளச் சந்தைக்குச் சுமப்பவர் என்று பல்லாயிரம் ஏழைக் குடும்பங்களுக்கு இதிலேதான் அடுப்பு எரிகிறது. கல்கத்தாவில் கூலி வேலை செய்கிறவன் வீட்டிலும் மீனும் கீரையும் மணக்கிறதென்றால் அதற்கு இந்தக் குளங்கள் ஒரு பெரும் காரணம்.

நகரம் அழுக்கைக் கொடுக்கிறது. இவர்கள் அதைச் சுத்தமாக்கி உணவாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இப்படியொரு கூட்டு எந்தக் காகிதத்திலும் எழுதிக் கையெழுத்து வைக்கப்படாமலே நடந்து வந்தது. அதனால்தான் அதை உடைப்பதும் சுலபமாயிருந்தது. 1960களில் ஹூக்ளி ஆற்று மணலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டி, வடபகுதி ஏரிகளை மூடி, சால்ட் லேக் என்ற புது நகரத்தைக் கட்டினார்கள். அங்கே மீன் பிடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று அந்த நகரத்தின் அழகான தெருக்களைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

மிச்சம் இருப்பதைக் காத்த பெருமையில் பெரும் பங்கு ஒரு பொறியியலாளருக்கு. மேற்கு வங்க அரசில் பணியாற்றிய த்ருபஜோதி கோஷ் என்பவர். 1980களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் கழிவு நீர் என்ன ஆகிறது என்று தேடி, வடிகாலைப் பின்தொடர்ந்து கிழக்கே போய் இந்தக் குளங்களில் வந்து நின்றார். இயந்திர நிலையத்தைத் தேடிப்போன இடத்தில் மீனவர்களைக் கண்டார். அவர்களிடம் மாணவராக உட்கார்ந்து கற்று, அளந்து, வரைபடம் போட்டு, உலகத்துக்குச் சொன்னார். 1990இல் ஐக்கிய நாடுகள் சபை தன் சுற்றாடல் விருதான குளோபல் 500ஐ அவருக்குக் கொடுத்தது. இந்தச் சதுப்பில் ஓர் உலக வர்த்தக நிலையம் கட்டப் பார்த்தபோது ஊர் மக்கள் அமைப்பொன்று வழக்குப் போட்டது. நிலத்தின் பயனை மாற்றக்கூடாது என்று 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்த்தார்கள், 2006இல் தனிச் சட்டமே வந்தது. கோஷ் அவர்கள் 2018 பெப்ரவரியில் காலமானார். நான் போய் நின்றது அதற்கு அடுத்த வருடம்.

சட்டம் வந்துவிட்டதால் எல்லாம் சுபம் என்று எண்ணிவிடாதீர்கள். திரும்பி வரும்போது பூக்கோவாப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு சகோதரியோடு கதைத்தோம். என் வயதிருக்கும். தலையில் முக்காடு, கணுக்கால் வரை சேறு. வாய்க்கால் தூர்ந்து போய் முன்னைப்போல் தண்ணீர் வருவதில்லை, தூர் வாரச் சொன்னால் கேட்பாரில்லை என்றார். தண்ணீரோடு இப்போது பிளாஸ்டிக் பையும் வருகிறதாம். இரவோடிரவாக மண் கொட்டி மூலையில் ஒரு குளத்தை மூடுவார்கள், நாலு நாளில் சுவர் எழும்பும் என்றார். மகன் குளத்து வேலை வேண்டாமென்று கட்டட வேலைக்குப் போய்விட்டான். எங்கே என்று கேட்டோம். புது நகரத்தில் மாடி வீடு கட்டுகிற இடத்தில்.

பிறகு என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். ஆபா சற்றுத் தயங்கித்தான் மொழிபெயர்த்தார். "உங்கள் ஊரில் அழுக்குத் தண்ணீரைக் கழுவிக் கொடுக்கிறவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தோல் மூட்டைகளோடு இவர்கள் வந்து ஏற்றிக்கொண்டார்கள். அந்தத் தோலுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது, மறைப்பதற்கில்லை. நகருக்குள் தங்ரா, தோப்சியா பக்கம் இருந்த தோல் பதனிடும் தொழிற்சாலைகளை அப்புறப்படுத்த 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றுக்கு இடம் ஒதுக்கப்பட்டது இந்த ஈரநிலத்தின் ஓரத்திலுள்ள பான்தலாவில். வீட்டுக் கழிவைப் பாசி தின்றுவிடும். தோலுக்குப் போடும் குரோமியத்தை எந்தப் பாசியும் தின்னாது. அது சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் வாய்க்காலில் கலந்தால் முதியவரின் நாக்குக்கும் அது தெரியப் போவதில்லை. காரின் பின்பக்கத்தில் எங்கள் பெல்ட்டுகள் இருந்தன. நான் ஒன்றும் பேசாமல் வந்தேன்.

அன்றிரவு ஆபா வீட்டில் மறுபடியும் மீன். தின்றேன். இவர் ஒரு துண்டு எடுத்து உருளைக்கிழங்குக்கு இது மேல் என்றார்.

நிற்க. எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இதை முடித்தால் நான் பாதிதான் சொன்னவளாவேன். நாங்கள் இருப்பது கொலன்னாவைப் பக்கம். எங்கள் வீடு நிற்கும் 10 பேர்ச்சஸும் ஒரு காலத்தில் சதுப்பு. கொகிலாவும் கங்குனும் பிடுங்கிய இடம் என்று பக்கத்து வீட்டுச் சிங்களப் பாட்டி சொல்வார். மலிவாய்க் கிடைத்தது, மண் போட்டு நிரப்பிக் கட்டினோம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது தண்ணீர் எங்கள் யன்னலுக்கு மேலே நின்றது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் உறவுக்காரர் மாடியில் ஐந்து நாள் இருந்தோம். பள்ளிவாசலிலிருந்து வந்த சோற்றுப் பார்சலைத் தின்றபடி, அரசாங்கம் என்ன செய்கிறது என்று கோபப்பட்டோம். தண்ணீர் தங்கிப் போக இருந்த இடத்தில்தான் எங்கள் கட்டில் கிடந்தது என்ற நினைப்பு எனக்கு வரவேயில்லை. அடுத்த வருடம் 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, அதே கொலன்னாவையின் மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாப்பாவின் அடியில் பூக்கோவாப் பாத்தியைக் கண்டபோது எனக்கு மீதொட்டமுல்லைதான் கண்ணில் நின்றது.

கொழும்பைச் சுற்றி இன்னும் 20 சதுர கிலோமீற்றர் அளவில் சதுப்பு நிலம் எஞ்சியிருக்கிறது. கொட்டே, கொலன்னாவை, தலங்கம என்று பஸ்ஸில் போகும்போது குப்பைக் காடு என்று நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடங்கள்தான். மழை வெள்ளத்தை வாங்கி வைப்பதும், நகரத்தின் வெக்கையைத் தணிப்பதும், கானோரத்துக் குடும்பங்களுக்கு ஒரு பிடி கீரையும் நாலு திலாப்பியாவும் கொடுப்பதும் அவைதாம். 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பை அங்கீகரித்தார்கள். நான் இதைத் தெரிந்துகொண்டது கல்கத்தாவிலிருந்து திரும்பிய பிறகு. அந்தச் சகோதரியின் கேள்வி உறுத்திக்கொண்டிருந்ததால் தேடிப் படித்தேன்.

வீட்டுக்குப் பின்னால் இன்னும் 4 பேர்ச்சஸ் நிரப்பாத பள்ளமாகக் கிடந்தது. கராஜ் கட்டலாமென்று ஊருக்குப் புறப்படுமுன் இவர் மூன்று டிப்பர் மண்ணுக்கு முற்பணம் கொடுத்திருந்தார். வந்திறங்கிய மறுநாளே டிப்பர்காரர் கோல் எடுத்தார். நான் அடுப்படியில் நின்றபடி காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்போதைக்கு வேண்டாம்" என்றார். என்ன காரணம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முற்பணம் திரும்பி வரவில்லை. பள்ளத்தில் கங்குன் மண்டிக் கிடக்கிறது. நுளம்பு என்று மாமி ஒவ்வொரு நாளும் மகரிபுக்குப் பிறகு ஏசுகிறார், அவர் ஏசுவதிலும் நியாயமில்லாமலில்லை. சனிக்கிழமைகளில் சிங்களப் பாட்டி கத்தியோடு வந்து ஒரு கட்டு அறுத்துக்கொண்டு, எங்களுக்கும் ஒரு பிடி வைத்துவிட்டுப் போகிறார்.